செப்பினான், பகர்ந்தான், நவின்றான்

அன்புள்ள ஐயா,

சிறுகதை எழுதிப் பழகிவருகிறேன். ஒரே பக்கத்தில் 'சொன்னான்' ஏழெட்டு முறை வந்ததால், இணையத்தில் கிடைத்த ஒத்த சொல் பட்டியலைப் பார்த்து செப்பினான், பகர்ந்தான், நவின்றான் என்று மாற்றினேன். படித்த நண்பர், "இது என்ன புராண நாடகமா?" என்று கேட்டுவிட்டார். அலுவலகத்தில் அறிக்கைகளும் எழுதுகிறேன், அங்கும் இதே குழப்பம். எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் கேட்டது சரிதான். 'சொன்னான்' பத்து முறை வந்தாலும் வாசகர் கண்ணில் படாது, பேசியது யார் என்று தெரிந்துகொண்டு மேலே போய்விடுவார். ஒரே ஒரு 'பகர்ந்தான்' போதும், கதையை விட்டுவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருப்பார். 'சொன்னான்' உறுத்தினால் அதை வெட்டுங்கள். பேச்சிலேயே ஆள் தெரிகிற இடத்தில் எந்தச் சொல்லும் வேண்டாம்.

இந்தப் பட்டியல்களுக்கு ஒரு பழைய வம்சம் உண்டு. திவாகரம், பிங்கலம், சூடாமணி போன்ற நிகண்டுகள் மனப்பாடம் செய்ய வசதியாகச் செய்யுளிலேயே எழுதப்பட்டவை. எதுகைக்கும் மோனைக்கும் சொல் தேடுகிற புலவருக்கு ஒரு பொருளின் பெயர்களெல்லாம் ஒரே வரிசையில் கிடைத்தால் போதும், எந்தச் சொல் யார் வாயில் வரும் என்பது நிகண்டின் வேலையல்ல. ஆனால் அதைக் கவனித்தவர்கள் இருந்தார்கள். ஈ, தா, கொடு மூன்றும் கேட்கும் சொற்கள்தான் என்று சொல்கிற தொல்காப்பியம், தாழ்ந்தவன் கேட்பது 'ஈ', சமமானவன் கேட்பது 'தா', உயர்ந்தவன் கேட்பது 'கொடு' என்று பிரித்துவிடுகிறது. (அந்த ஏற்றத்தாழ்வு எனக்குப் பிடிக்காது, அதைக் கேட்ட காது பிடிக்கும்.)

சரி, எப்படிச் சரிபார்ப்பது? நான் முதலில் பக்கத்துச் சொல்லைப் பார்ப்பேன். கோபம், சினம், சீற்றம் மூன்றும் பட்டியலில் ஒன்றுதான். ஆனால் கடல் சீற்றம் என்கிறோம், கடல் கோபம் என்பதில்லை. செல்லக் கோபம் உண்டு, செல்லச் சினத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. மரண தண்டனை என்கிறோம், இறப்புத் தண்டனை என்பதில்லை. விபத்தில் உயிரிழந்த பத்துப் பேரைக் 'காலமானார்கள்' என்று எழுதினால் இடிக்கும். திருட்டுக்குப் பேர்போனவன் என்றால் தகவல், திருட்டுக்குப் புகழ்பெற்றவன் என்றால் நக்கல்.

அப்புறம் அகராதி. கிடைத்த சொல்லை அதில் எடுத்து, நீங்கள் தொடங்கிய சொல்லுக்கே அது திரும்பி வருகிறதா என்று பாருங்கள். 1992இல் முதலில் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இதற்கு நல்ல துணை, எடுத்துக்காட்டு வாக்கியம் தரும், உயர் வழக்கா பேச்சு வழக்கா என்றும் குறிக்கும். சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகன் பெரிய கடல், சங்கச் சொல்லும் சந்தைச் சொல்லும் கலந்தே கிடக்கும், அதில் இருக்கிறது என்பதற்காகவே எடுத்துவிட வேண்டாம். இன்னும் சந்தேகமா, பக்கத்துச் சொல்லோடு சேர்த்து மேற்கோள்குறிக்குள் போட்டு இணையத்தில் தேடுங்கள். எத்தனை முறை வருகிறது என்பதைவிட எங்கே வருகிறது, செய்தியிலா பாட்டிலா அரசாணையிலா என்பதைக் கவனியுங்கள்.

அறிக்கைக்கு இந்த வித்தை எதுவும் வேண்டாம். முதல் பக்கத்தில் 'ஒப்பந்ததாரர்' என்று குறித்தவரை மூன்றாம் பக்கத்தில் 'குத்தகைதாரர்' ஆக்கினால் யாரும் நடையை ரசிக்கப்போவதில்லை, இன்னொரு ஆள் வந்துவிட்டார் என்று நினைத்து, பணம் யாருக்குப் போகவேண்டும் என்று உங்களிடம் வந்து கேட்பார்கள்.