விசா தேதி முடிந்தாலும் வேலை செய்யும் உரிமை முடிவதில்லை

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். இலங்கையிலிருந்து வந்து அகதி அந்தஸ்து பெற்றவள். ஐந்து வருட விசா மூன்று வாரத்துக்கு முன் முடிந்தது. அது முடிவதற்கு முன்பே நிரந்தர வதிவிடத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை. இப்போது ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் எச்.ஆர். பெண், ‘உங்கள் விசா காலாவதி. வெள்ளிக்கிழமைக்குள் செல்லுபடியாகும் பி.ஆர்.பி. அட்டையோ (விசாவுக்கான வதிவிட அட்டை) நிரந்தர வதிவிடமோ காட்டாவிட்டால் வேலை கிடையாது’ என்கிறார். என்னோடு தேர்வான வெள்ளைக்காரப் பெண்ணிடம் பாஸ்போர்ட்கூட கேட்கவில்லையாம். நான் நான்கு வருடமாகப் பகுதிநேரம் வேலை செய்யும் கடையிலும் ‘பேப்பர் வரும்வரை வீட்டில் இருங்கள், சம்பளம் இல்லை’ என்று சொல்லிவிட்டார்கள். நான் வேலை செய்யலாமா, கூடாதா? அடுத்த மாதம் சென்னையில் தங்கை கல்யாணம், போய் வரலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் பயத்தை விடுங்கள். நீங்கள் சொன்னபடி விசா முடியும் முன்பே விண்ணப்பித்திருந்தால், இன்றைக்கும் நீங்கள் பிரிட்டனில் சட்டப்படி வேலை செய்யலாம். 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. கெடு முடியும் முன் முறையாக விண்ணப்பித்தவருக்கு, ஹோம் ஆபீஸ் (பிரிட்டன் உள்துறை அமைச்சகம்) முடிவு சொல்லும்வரை பழைய விசா தானாகவே நீள்கிறது. பழைய விசாவில் இருந்த அதே நிபந்தனைகள் தொடரும். உங்கள் அகதி விசாவில் வேலைக்குத் தடை இல்லை, ஆகவே இப்போதும் தடை இல்லை. இதற்குத் தனியாக யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை தேதிதான். ஒரு நாள் பிந்தியிருந்தாலும் 3சி பாதுகாப்பு இல்லை. எனவே விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாக வந்த மின்னஞ்சலை இப்போதே திறந்து, அதில் உள்ள தேதியைப் பழைய விசா முடிந்த தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சரியாக இருந்தால் மேலே படியுங்கள்.

உங்களுக்கு உரிமை இருக்கிறது, அதைக் காட்டத்தான் வழி தெரியவில்லை. இந்த நிலையில் ஆயிரக்கணக்கானோர் மாட்டிக்கொண்டு தவித்திருக்கிறார்கள். எசெக்ஸ், லண்டன் பகுதிகளில் அகதிகளுக்காக உழைக்கும் ‘ராம்ஃபெல்’ என்ற அமைப்பு இதை உயர்நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 3சி நிலையில் இருப்பவர்களுக்கு ஹோம் ஆபீஸ் டிஜிட்டல் சான்று தராமல் விட்டது சட்டவிரோதம் என்று 2024 ஜூனில் தீர்ப்பு வந்தது. அதனால் முதலில் உங்கள் ஈ-விசா (ஆன்லைனில் உள்ள விசாப் பதிவு) கணக்குக்குள் போய், வேலைக்கான ஷேர் கோட் (முதலாளி உங்கள் உரிமையைச் சரிபார்க்க உதவும் குறியீடு) எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். அது ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்கும், 90 நாள் செல்லும். வந்தால் அந்தக் குறியீட்டையும் பிறந்த தேதியையும் எச்.ஆருக்கு அனுப்புங்கள், விஷயம் அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதீர்கள். அரசு இணையதளத்தில் அவர்களே குறியீட்டைப் போட்டுப் பார்த்தால்தான் அது சோதனையாகக் கணக்கில் வரும்.

அந்த எச்.ஆர். பெண் பி.ஆர்.பி. அட்டை கேட்பது பழைய பழக்கம். 2022 ஏப்ரல் 6 முதல் வேலை உரிமையைச் சரிபார்க்க அந்த அட்டையை முதலாளிகள் ஏற்கவே கூடாது. அட்டைகளும் 2024 டிசம்பர் 31 தேதியோடு காலாவதியாகிவிட்டன. இன்று யாராலும் காட்ட முடியாத ஒன்றை அவர் உங்களிடம் கேட்கிறார்.

கோட் வரவில்லை, அல்லது வந்தாலும் ‘காலாவதி’ என்று காட்டுகிறது என்றால் என்ன செய்வது? ஹோம் ஆபீசில் ‘எம்ப்ளாயர் செக்கிங் சர்வீஸ்’ என்று ஒன்று உண்டு. முடிவு வராத விண்ணப்பம் உள்ளவர்களுக்காகவே இருக்கும் வழி அது. முதலாளிதான் அதில் கேட்க முடியும், நீங்கள் கேட்க முடியாது. உங்கள் பெயர், பிறந்த தேதி, நாடு, முகவரி, என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஹோம் ஆபீஸ் தந்த விண்ணப்ப எண் ஆகியவற்றை அவர்கள் ஆன்லைன் படிவத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. பொதுவாக ஐந்து வேலை நாளில் பதில் வரும். உங்களுக்கு உரிமை உண்டு என்று வரும் பதிலை ‘பாசிட்டிவ் வெரிஃபிகேஷன் நோட்டீஸ்’ என்பார்கள். அந்தக் காகிதம் கையில் இருந்தால் முதலாளிக்கு ஆறு மாதத்துக்குச் சட்டப் பாதுகாப்பு. அதற்குள் உங்களுக்கு முடிவு வராவிட்டால் திரும்பக் கேட்டுக்கொள்ளலாம்.

அவர்கள் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. உரிமை இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்துப் பிடிபட்டால், 2024 பிப்ரவரி 13 முதல் முதல் தடவைக்கே ஒரு ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம், மறுபடி பிடிபட்டால் 60,000 வரை. அதற்கு முன் 15,000, 20,000 என்று இருந்தது. சிறு நிறுவனம் என்றால் ஒரே அபராதத்தில் கடையை மூடவேண்டி வரும். ஆகவே எச்.ஆரோடு சண்டைக்குப் போகாதீர்கள். ‘உங்களைக் காப்பாற்றும் காகிதம் இந்த வழியில் கிடைக்கும்’ என்று சொல்லுங்கள். நடைமுறையில் இதுதான் பலிக்கும்.

இன்றைக்கே ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பழைய விசா முடிந்த தேதி, விண்ணப்பித்த தேதி, விண்ணப்ப எண், 3சி பிரிவின் கீழ் உங்களுக்கு வேலை உரிமை தொடர்கிறது என்ற ஒரு வரி, எம்ப்ளாயர் செக்கிங் சர்வீஸில் சரிபார்க்கச் சொல்லும் வேண்டுகோள், அதற்கு உங்கள் சம்மதம், எல்லாம் அதில் இருக்கட்டும். ஹோம் ஆபீஸ் அனுப்பிய ஒப்புகை மின்னஞ்சலையும் இணையுங்கள். ஐந்து வேலை நாள் ஆகும் என்பதால் வெள்ளிக்கிழமைக் கெடு நடக்காத காரியம். வேலை தொடங்கும் தேதியை இரண்டு வாரம் தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள். வாயால் பேசினால் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும். பிறகு வழக்கு என்று வந்தால் இந்த மின்னஞ்சல்தான் உங்கள் சாட்சி.

அந்த வெள்ளைக்காரப் பெண் விஷயத்துக்கு வருகிறேன், அதை லேசாக விடமுடியாது. தோலையும் பெயரையும் உச்சரிப்பையும் பார்த்து யாரைச் சோதிப்பது என்று தீர்மானிக்கக் கூடாது, எல்லோரையும் ஒரே மாதிரி சோதிக்க வேண்டும் என்று அரசின் நடைமுறைக் கோவையே சொல்கிறது. தற்காலிக விசாக்காரர் என்பதற்காகவே ஒருவரை ஒதுக்குவதும் கூடாது. 2010 சமத்துவச் சட்டத்தில் நிறம், தேசிய இனம், நாட்டுரிமை மூன்றும் இனப் பாகுபாட்டுக்குள் அடங்கும். சோதிக்கும் வழியைக் காட்டிய பிறகும், விசாரித்துக்கூடப் பார்க்காமல் வேலையை ரத்து செய்தால் நீங்கள் எம்ப்ளாய்மென்ட் ட்ரிப்யூனலுக்கு (வேலைத் தகராறுகளுக்கான தீர்ப்பாயம்) போகலாம். மூன்று மாதத்துக்குள் முதலில் வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் ‘ஏகாஸ்’ அமைப்பில் பதிவு செய்யுங்கள். அந்த வெள்ளைக்காரப் பெண் சொன்னது என்ன, எந்தத் தேதியில், யார் முன்னால் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

கடை விஷயத்தில் உங்கள் கை இன்னும் ஓங்கியிருக்கிறது. ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு, விண்ணப்பம் நிலுவையில் உள்ளது என்று முதலாளி நியாயமாக நம்பினால், விசா முடிந்த நாளிலிருந்து 28 நாள் அவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதற்குள் அவர் மேலே சொன்ன பாசிட்டிவ் வெரிஃபிகேஷன் நோட்டீஸை வாங்கிவிட வேண்டும். உங்களுக்கு மூன்று வாரம் போய்விட்டது, எனவே ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். மேலே சொன்ன மின்னஞ்சலையே முதலில் கடைக்கு அனுப்புங்கள்.

சம்பளம் இல்லாமல் வீட்டில் உட்காரச் சொன்னதற்கு, 2011இல் வேலைத் தகராறுகளுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்ன ஒரு தீர்ப்பு உதவும். ஐரோப்பியக் குடிமகனின் மனைவியான நைஜீரியப் பெண் ஒருவர். பாஸ்போர்ட்டில் இருந்த முத்திரை காலாவதியானதும் அவருடைய முதலாளி சம்பளமில்லாமல் நிறுத்திவைத்தார். உரிமை அவருக்குச் சட்டப்படி இருந்துகொண்டே இருந்தது, ஆகவே அந்தச் சம்பளத்தைப் பிடித்தது தவறு என்று தீர்ப்பாயம் கூறியது. 2017இல் ஒரு லண்டன் பஸ் டிரைவர் வழக்கிலும் இதே கருத்து வந்தது. ஜமைக்காவிலிருந்து சிறு வயதில் வந்து இங்கேயே வளர்ந்தவர், காகிதம் காட்டவில்லை என்று வேலையிலிருந்து நீக்கப்பட்டார். காகிதம் வாங்கு என்று சட்டம் முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை, வாங்கினால் அபராதத்திலிருந்து தப்பலாம், அவ்வளவுதான் என்றது தீர்ப்பாயம். ஆனால் ஒன்று, உரிமை இல்லை என்று உண்மையாகவே நம்பிய முதலாளிக்கு வேறு வாதங்கள் இருக்கின்றன என்பதையும் அந்த வழக்கு காட்டியது. அதனால்தான் மின்னஞ்சலில் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லிவிடச் சொல்கிறேன். விளக்கமாகத் தெரிந்த பிறகு அப்படி நம்பினேன் என்று சொல்வது கடினம். நான்கு வருடமாக அங்கே இருப்பதால், நீக்கினால் நியாயமற்ற பணிநீக்கம் என்று வழக்குப் போடவும் உங்களுக்கு வழி உண்டு.

இந்த நேரத்தில் ‘ஹோம் ஆபீசில் ஆள் இருக்கிறார், 500 பவுண்டு தாருங்கள்’ என்று யாராவது வருவார்கள். பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது இங்கே குற்றம். ஈ-விசா கணக்கின் கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்திலும் சட்ட மையங்களிலும் இலவசமாகவே கேட்கலாம்.

கடைசியாக, தங்கை கல்யாணம். மனதுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரிந்தும் சொல்கிறேன், போகாதீர்கள். முடிவு வருவதற்குள் நாட்டை விட்டு வெளியேறினால் 3சி பாதுகாப்பு அங்கேயே முடிந்துவிடும் என்று அதே பிரிவு சொல்கிறது. டிக்கெட் எடுத்துவிட்டீர்கள் என்றால் அந்தப் பணம் போகட்டும். முடிவு கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டால், முடிவுக் கடிதத்தோடு ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, பயண ஆவணம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.