குளிர் அறைக்கு முன் ஒரு கொட்டகை

வவுனியாவிலிருந்து லொறியில் போடும் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மொத்தச் சந்தைக்கு வரும்போது கறுத்தும் நசிந்தும் போகிறது, கடன் எடுத்துக் குளிர் அறை கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொழும்பில் பழம் வாங்கி விற்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்போதைக்கு வேண்டாம்.

தோலில் கோடு கோடாக இருக்கும் கறுப்பு பெரும்பாலும் காம்பிலிருந்து வடியும் பால் பட்ட காயம். நீளக் காம்போடு பறியுங்கள். நிழலுள்ள கொட்டகையில் காம்பை வெட்டி, தட்டியில் கவிழ்த்துப் பால் வடிய விட்டு, கழுவிக் காய வையுங்கள். அப்புறம் சாக்கை விட்டுவிடுங்கள். சாக்கில் மேல்பாரம் முழுவதும் அடிப்பழத்தின் தலையில்தான். பிளாஸ்டிக் கூடையில் பாரத்தைக் கூடைச் சுவர் தாங்கும். வெறுங்கூடை திரும்பி வருவதுதான் தலையிடி, லொறிக்காரரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தரம் பிரிப்பதும் அந்தக் கொட்டகையிலேயே நடந்தால் அழுகலுக்கு லொறிக்கூலி இல்லை, தரம் பிரிக்கும் கூலியும் ஊராருக்குப் போகும்.

குளிர் அறை கட்டத்தான் வேண்டுமென்றால் தனியாக வேண்டாம், சங்கமாகக் கட்டுங்கள். முற்றிய மாங்காய்க்கு 13 பாகை செல்சியஸ் அளவு போதும். 10க்குக் கீழே போனால் தோல் கெட்டு, சரியாகப் பழுக்காது. வாழைக்கும் கிட்டத்தட்ட அதே குளிர்தான், ஆகவே மாம்பழக் காலம் முடிந்தாலும் அறை சும்மா கிடக்காது. கரட், லீக்ஸ் வைக்கும் அறையில் மட்டும் இடம் கேட்காதீர்கள், அங்கே குளிர் மாங்காய்க்குத் தாங்காது.