லாக் எடுக்கக் கொடுத்த 600 ரூபாய்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பனியன் கம்பெனியில் வேலை. அதோடு இரண்டு வருடமாக ஓஎல்எக்ஸிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் பழைய போன், லேப்டாப் வாங்கி லாபம் வைத்து விற்கிறார். இதுவரை 160 பொருளுக்கு மேல் கைமாற்றியிருக்கிறார், ஒரு புகார்கூட இல்லையாம். மார்ச் 11 அன்று காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒருவரிடம் ஒரு ஆண்ட்ராய்டு போனை 14,500 ரூபாய்க்கு வாங்கினார். 10,000 ஜிபேயில், மீதி கையில். அதைச் சேலத்தில் ஒரு கல்லூரி மாணவருக்கு 19,000க்கு விற்றார். நான்கு மாதம் கழித்து போலீஸ் அந்த மாணவரிடமிருந்து போனைக் கைப்பற்றியது. மார்ச் 2 அன்று பேருந்தில் திருடு போன போன் அது. இப்போது இவருக்கு, விசாரணைக்கு வரச் சொல்லி பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3) நோட்டீஸ் வந்திருக்கிறது, வழக்கு பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலாக வந்த சட்டம்) 317(2), அதாவது திருட்டுப் பொருளை வாங்கியது.

எஸ்.ஐ. என் அம்மா முன்னால் மரியாதையில்லாமல் பேசினார், மாணவரின் அப்பா போனில் திருடன் என்று திட்டினார், போனை விற்றவர் நம்பரை பிளாக் செய்துவிட்டார் என்று வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். மாணவரின் அப்பா மேல் அவதூறு வழக்கு போடலாமா, எஸ்.ஐ. மேல் மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாமா என்று கேட்கிறார். போலீஸ் பில் கேட்கிறது, என்னிடம் இல்லை, கடை வைத்திருக்கும் நண்பர் பழைய தேதியில் ஒரு பில் போட்டுத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா என்றும் கேட்கிறார்.

தம்பி, அவதூறு வழக்கையும் மனித உரிமை ஆணையத்தையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். உங்கள் கோபம் நியாயமாகவே இருக்கலாம், ஆனால் 317(2) வழக்கில் எஸ்.ஐ. எப்படிப் பேசினார் என்பதை எந்த மாஜிஸ்திரேட்டும் கேட்கப் போவதில்லை. மூன்று பக்கக் கடிதத்தில் சட்டம் பார்க்கப் போவது ஒரே ஒரு வரியைத்தான். அதை நீங்கள் செலவுக் கணக்கு சொல்லும் இடத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "பாக்ஸ், சார்ஜர் இல்லை, கூகுள் லாக் வேற இருந்துச்சு, அதை எடுக்கவே கடையில் 600 ரூபாய் ஆச்சு, அப்போ எனக்கு லாபமே 3,900தான்."

உங்கள் வழக்கே அந்த 600 ரூபாய்தான்.

திருட்டுப் பொருளை வைத்திருப்பது மட்டுமே குற்றம் ஆகிவிடாது. அது திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையின்றி வாங்கினால் அல்லது வைத்திருந்தால்தான் 317(2), பழைய ஐபிசி 411. "எனக்குச் சத்தியமாகத் தெரியாது" என்று நீங்கள் கடிதம் முழுக்கச் சொல்கிறீர்கள், நான் நம்புகிறேன். கோர்ட் கேட்கும் கேள்வி வேறு. உங்கள் இடத்தில் இருந்த, இந்தத் தொழில் தெரிந்த ஒருவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? போனை ரீசெட் செய்த பிறகும் பழைய ஜிமெயில் கணக்கைக் கேட்கிறது என்றால், விற்கிறவருக்கு அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு தெரியாது என்று அர்த்தம். சொந்தக்காரர் விற்றால் உங்கள் எதிரிலேயே இரண்டு நிமிடத்தில் கணக்கை நீக்கிக் கொடுத்திருப்பார். ஒரே ஒரு போன் வாங்கிய ஆள் இது தெரியாது என்று சொல்லலாம், 160 பொருள் விற்றவர் சொன்னால் எடுபடாது. நல்லெண்ணம் என்பதற்கு பிஎன்எஸ் 2(11) சொல்லும் பொருளும் அதுதான். உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்தில் செய்தது ஆகாது. மனசு சுத்தமாக இருந்தது என்பது மட்டும் போதாது.

இதோடு திருட்டு நடந்த ஒன்பதாவது நாள் போன் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. திருட்டு நடந்த சீக்கிரத்திலேயே பொருள் ஒருவர் வசம் இருந்தால், அது எப்படி வந்தது என்று அவர் விளக்காதவரை, திருடியவர் அவர்தான் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவர் என்று கோர்ட் அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் 114ஆவது பிரிவு, இப்போது புதிய சாட்சியச் சட்டமான பிஎஸ்ஏவில் 119. இத்தனை நாள் என்று கணக்கு எதுவும் இல்லை, ஆனால் போன் விஷயத்தில் ஒன்பது நாள் என்பதை யாரும் நீண்ட காலம் என்று சொல்ல மாட்டார்கள். ஆக, விளக்க வேண்டியது நீங்கள்தான். உங்களிடம் விளக்கம் இருக்கிறது, அதை நீங்களே கெடுத்துக்கொள்ளப் போகிறீர்களோ என்பதுதான் என் கவலை.

அந்தப் பழைய தேதி பில். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். பழைய லேப்டாப் விற்கும் ஒருவர், வழக்கறிஞரான என்னுடைய கட்சிக்காரர், இதே நிலையில் வந்தார். உண்மையில் அவர் மேல் வலுவான வழக்கே இல்லை, விட்டிருந்தால் சாட்சியாகவே முடிந்திருப்பார். பயத்தில், என்னிடம் வருவதற்கு முந்தின நாளே, தெரிந்த கடையில் ஒரு பில் வாங்கி ஸ்டேஷனில் கொடுத்துவிட்டார். பில்லில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை ஏட்டு ஒருவர் போனிலேயே தட்டிப் பார்த்தார். அந்த எண் வாங்கப்பட்டதே பில் தேதிக்கு எட்டு மாதம் கழித்து. அன்று மாலைக்குள் போலி ஆவணம் புனைந்தது, அதை அசல் என்று பயன்படுத்தியது, பொய்ச் சாட்சியம் உருவாக்கியது எல்லாம் சேர்ந்தன, பில் கொடுத்த கடைக்காரரும் உள்ளே வந்தார். மூன்று வருடத் தண்டனைக்கு உட்பட்ட ஒரு விஷயத்தை ஏழு வருட விஷயமாக அவரே ஆக்கிக்கொண்டார். அதைவிட முக்கியமான ஒன்று, அதுவரை 'இவர் தெரியாமல் வாங்கியிருக்கலாம்' என்று நினைத்த அதிகாரிக்கு, தெரிந்துதான் வாங்கினார் என்பதற்கு அவரே ஆதாரம் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. நிரபராதி எதற்குப் பொய் பில் போடப் போகிறார் என்று கேட்டால் நான் என்ன வாதாடுவது?

பில் இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள். தனி ஆளிடம் பழைய போன் வாங்கினால் பில் வராது என்பது போலீசுக்கும் தெரியும். உங்களிடம் அதைவிட நல்லது இருக்கிறது: 10,000 ரூபாய் ஜிபே. அந்தப் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்குக்குப் பின்னால் ஆதார், பான் கொடுத்துக் கணக்குத் திறந்த ஒரு ஆள் இருக்கிறார். அந்தப் பரிவர்த்தனை எண், ஓஎல்எக்ஸ் உரையாடல், பிளாக் செய்தவரின் நம்பர், அவரோடு பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போனை ஃபார்மட் செய்துவிடாதீர்கள், கோர்ட்டில் மின்னணு ஆவணத்துக்கு பிஎஸ்ஏ 63 சான்றிதழ் தர மூலக் கருவி தேவைப்படும். லாக் பற்றிப் பேசிய செய்திகள் இருக்கின்றன, அதை மட்டும் அழித்துவிடலாம் என்று தோன்றும். தோன்றினால் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். சாட்சியத்தை மறைப்பது தனிக் குற்றம், அழித்ததை எடுக்கவும் முடியும், லாக் எடுத்த கடைக்காரரை நாளைக்கு ஸ்டேஷனில் உட்கார வைத்தால் அவர் முதல் கேள்வியிலேயே சொல்லிவிடுவார்.

நோட்டீஸில் போட்டிருக்கும் தேதிக்குக் கட்டாயம் போங்கள். 35(3) என்பதால் உங்களைச் சாட்சியாக அல்ல, சந்தேக நபராகத்தான் கூப்பிடுகிறார்கள். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் நோட்டீஸுக்கு ஒழுங்காக வந்து போகிறவரைக் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது, 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது. போகாமல் இருந்தால் அந்தப் பாதுகாப்பை நீங்களே தூக்கி எறிகிறீர்கள். 'வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸ் செல்லாது' என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரிதான், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஆனால் உங்களுக்குக் காகிதத்திலும் வந்திருக்கிறது, அதில் தொங்கிக்கொண்டு என்ன பயன்? வழக்கறிஞர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

அங்கே இந்த ஒரு போனைப் பற்றி மட்டும் பேசுங்கள். எங்கே, யாரிடம், எவ்வளவு, எப்படிப் பணம் கொடுத்தீர்கள், யாருக்கு விற்றீர்கள். எதிலும் பொய் வேண்டாம். உங்களைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு, பொய் சொல்ல உரிமை இல்லை. லாக் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்பதை முன்னாடியே உங்கள் வழக்கறிஞரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, சட்டமே வேண்டாம் என்கிறது. நீங்கள் அடையாளம் காட்டி போனைக் கைப்பற்றியதாக ஏதாவது மகஜர் (கைப்பற்றியதற்கான பதிவுக் காகிதம்) நீட்டினால் படிக்காமல் கை வைக்காதீர்கள், அந்த போனைப் போலீஸ் ஏற்கனவே மாணவரிடம் எடுத்துவிட்டது.

அப்புறம், '160 விற்றேன், ஒரு புகார் இல்லை' என்பதை உங்கள் நற்சான்றிதழ் என்று நினைத்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். 317(4) என்று ஒரு பிரிவு இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ நம்பக் காரணம் இருந்தோ அதை வாங்குவதை, விற்பதை வழக்கமாக வைத்திருப்பவருக்கு ஆயுள் அல்லது பத்து வருடம் வரை. நல்ல பொருளை 160 தடவை விற்றவருக்கு அது பொருந்தாது, கோர்ட்டில் அது நிற்காது. ஆனால் இன்னொரு போன், ஒரே ஒரு போன், அதே கடையில் லாக் எடுத்தது, திருட்டுப் பட்டியலில் இருந்தால் அந்தப் பிரிவைச் சேர்க்க யாரும் தயங்க மாட்டார்கள். சேர்த்துவிட்டால் 35(3) பாதுகாப்பு போச்சு, வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும், சமரசமும் முடியாது. எஃப்ஐஆர் நகலைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எடுத்து என்ன பிரிவு என்று இன்றே பாருங்கள். 317(4) இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் முன்ஜாமீன் மனு போடுங்கள். கையில் இருக்கும் ஸ்டாக்கில் லாக் எடுத்த போன் ஏதும் இருந்தால் விற்பனையை நிறுத்துங்கள், ஒவ்வொன்றிலும் *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (அந்த போனின் அடையாள எண்), முன்னால் கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ஓர் இடைவெளியும் விட்டு, 14422க்கு எஸ்எம்எஸ் செய்யுங்கள். பிளாக் செய்யப்பட்ட போன் என்றால் பதிலில் வந்துவிடும். வந்தால் அதை எங்கும் தள்ளிவிடாமல் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.

317(2) மட்டும்தான் என்றால், சமரசமாகப் போங்கள். நிரபராதி நான் எதற்குச் சமரசம் போக வேண்டும் என்று கேட்பீர்கள். லாக் எடுக்காமல் இருந்திருந்தால் நானே போராடலாம் என்று சொல்லியிருப்பேன். அதை எடுத்த பிறகு இந்த வழக்கில் விடுதலை உறுதி என்று சொல்கிறவர் உங்களிடம் ஃபீஸ் வாங்கத்தான் சொல்கிறார். மூன்று வருடம் வாய்தாவுக்கு அலைந்து, பாஸ்போர்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் விளக்கம் எழுதி, கடைசியில் சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆவதற்கு 3,900 ரூபாய் லாபம் போதாது. பொருளின் சொந்தக்காரர் சம்மதித்தால் 317(2)ஐ சமரசம் செய்துகொள்ள பிஎன்எஸ்எஸ் 359 இடம் தருகிறது, மாஜிஸ்திரேட் முன் பதிவானால் அது விடுதலைக்குச் சமம்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு கட்சிக்காரர் சொந்தக்காரரை டீக்கடையில் சந்தித்து 25,000 ரூபாய் கையில் கொடுத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று வந்துவிட்டார். எழுத்து இல்லை, கோர்ட்டில் சமரச மெமோ இல்லை. ஏழு மாதம் கழித்து சம்மன் வந்தது, சொந்தக்காரர் இன்னும் 30,000 கேட்டார். அதனால் எதைக் கொடுத்தாலும் வழக்கறிஞர் மூலம், வங்கி வழியாக, சமரச மனுவோடு கொடுங்கள். போனை அவர் கோர்ட்டில் மனுப் போட்டு எடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் ஆட்சேபிக்காதீர்கள். அது எப்படியும் உங்களுடையது ஆகாது. திருடியவருக்கு உரிமை இல்லை, அவரிடம் வாங்கியவருக்கும் இல்லை, உங்களிடம் வாங்கியவருக்கும் இல்லை.

அந்த மாணவருக்கு 19,000 ரூபாயை இந்த வாரமே ஜிபேயில் திருப்பிக் கொடுங்கள். 'பழைய பொருள், ரிட்டர்ன் கிடையாது' என்று விளம்பரத்தில் போட்டேன் என்கிறீர்கள். ரிட்டர்ன் கிடையாது என்பது பேட்டரி சரியில்லை என்று வருபவரிடம் சொல்லலாம். விற்க உரிமை இல்லாத பொருளை விற்றதற்கு அது பதில் ஆகாது, 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தில் 14ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. படிக்கிற பையன், அவன் பணமும் போச்சு, போனும் போச்சு, அவன் அப்பா திட்டாமல் என்ன செய்வார்? பணம் திரும்பக் கைக்கு வந்தால் அவர் உங்களுக்கு எதிராகத் தனியாக மோசடிப் புகார் கொடுக்கும் வேகமும் போகும். கொடுத்ததற்கு ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு விற்றவர் மேல் நீங்கள் ஒரு எழுத்துப் புகார் கொடுங்கள், ஜிபே விவரத்தோடு. ஸ்டேஷனில் வாங்கவில்லை என்றால் எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் கமிஷனருக்கு, பதிவுத் தபாலில். அந்த 14,500 திரும்பக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். நோட்டீஸ் வந்ததும் ஓடி ஒளியாமல் ஆளைக் காட்டிக்கொடுத்தவர் என்ற ஒரு காகிதம் கோப்பில் இருக்க வேண்டும், அதற்குத்தான்.

ஜிஎஸ்டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். சொந்த உபயோகப் பொருளை விற்றேன் என்று எங்கும் சொல்லாதீர்கள், 160 பொருள் என்றால் வியாபாரம்தான், வருமான வரியில் வியாபார வருமானமாகக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் வருட விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை, ஆனால் பெங்களூருக்குக் கூரியரில் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள், வெளிமாநில விற்பனைக்கு அந்த வரம்பு கிடையாது. அதை ஒரு ஆடிட்டரிடம் பேசுங்கள், இந்த வழக்கு முடிந்த பிறகு பேசினாலும் போதும்.

இப்போது அவசரம் நோட்டீஸ் தேதிதான். அதற்கு இரண்டு நாள் முன்பாவது ஒரு கிரிமினல் வழக்கறிஞரைப் பாருங்கள், போகும்போது நோட்டீஸ், எஃப்ஐஆர் நகல், ஜிபே ஸ்டேட்மென்ட், அந்த போன் உரையாடல் இருக்கும் உங்கள் கைபேசி நான்கும் கையில் இருக்கட்டும். லாக் விஷயத்தை அவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.