பாடம் ஓடுகிறது, கை ஓடவில்லை
வாசகர் கேள்வி – பதில்: கணினி

கேள்வி: தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கிறேன். வயது 44. மூன்று மாதமாக இணையத்தில் பைத்தான் என்ற நிரல்மொழிப் பாடம் பார்க்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. வெற்றுத் திரையைத் திறந்தால் ஒரு வரிகூட வரவில்லை. வயதுதான் காரணமா?
– வாசகர், பிறை, பினாங்கு

பதில்: வயதின் மேல் பழி போடாதீர்கள். காணொளியில் அடுத்த வரி என்ன என்று யோசிக்கும் வேலையை ஆசிரியரே செய்துவிடுகிறார். நமக்கு மிஞ்சுவது தலையாட்டல். பத்து நிமிடம் பார்த்தால், அதை மூடிவிட்டு அரை மணி நேரம் நீங்களே அடிக்க வேண்டும். வெட்டி ஒட்டும் வேலை கூடவே கூடாது.

பாடத்தில் வரும் உதாரணத்தை விட்டுவிட்டு உங்கள் ஓவர்டைம் கணக்கை எடுங்கள். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. அதை அன்றாட வேலை நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. சாதாரண நாள் ஓவர்டைமுக்கு 1.5 மடங்கு, பொது விடுமுறை ஓவர்டைமுக்கு 3 மடங்கு. சம்பளம் 2,600 வெள்ளி (ரிங்கிட்), நாளுக்கு 8 மணி நேரம் என்றால், மணிக்கு 12.50. சாதாரண நாட்களில் 10 மணி நேரம் ஓவர்டைம் செய்தால் 187.50 வெள்ளி. முதலில் தாளில் போட்டுப் பாருங்கள். தாளில் போடத் தெரியாத கணக்கை நிரலாக எழுத முடியாது.

முதல் நாள் எண்களை அப்படியே எழுதி, பிரிண்ட் (திரையில் காட்டும் கட்டளை) கொடுத்து விடையை வரவழையுங்கள். அடுத்த நாள் சம்பளத்தை இன்புட் (நாம் அடிப்பதை வாங்கும் கட்டளை) மூலம் கேளுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். இன்புட் தருவது எண் அல்ல, எழுத்துச்சரம், அதாவது வெறும் எழுத்துகளின் வரிசை. அதை 26ஆல் வகுத்தால் டைப்எரர் (வகைப் பிழை) என்று நின்றுவிடும். அதுகூடத் தேவலை. 8 என்று அடித்து 3ஆல் பெருக்கினால் 24க்குப் பதில் 888 வரும், பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது! ஃபுளோட் என்ற கட்டளை போட்டு எண்ணாக மாற்றுங்கள். மாற்றிய பிறகும் 2,600 என்று காற்புள்ளியோடு அடித்தால் வேல்யூஎரர் (மதிப்புப் பிழை) வரும். ரிப்ளேஸ் என்ற கட்டளை கொண்டு காற்புள்ளியை முதலில் நீக்க வேண்டும். டைப்எரர், 888, வேல்யூஎரர் ஆகிய இந்த மூன்றையும் ஒரு முறை வேண்டுமென்றே வரவழைத்துப் பாருங்கள்.

அதன் பிறகு பொது விடுமுறையா என்று இஃப் (நிபந்தனைக் கட்டளை) வைத்துக் கேட்கலாம். அதன் கீழ் வரும் வரிகளை நான்கு இடைவெளி தள்ளி எழுதுங்கள். ஓரிடத்தில் டேப், ஓரிடத்தில் ஸ்பேஸ் என்று கலந்தால் பைத்தான் முரண்டு பிடிக்கும்.

பிழைச் செய்தி நீளமாக வந்தால் கடைசி வரியிலிருந்து படியுங்கள். பிழையின் பெயர் அங்கே இருக்கும், வரி எண் அதற்குச் சற்று மேலே. அந்த வரியில் தப்பே தெரியவில்லையா? முந்தைய வரியில் அடைப்புக்குறியை மூடினீர்களா என்று பாருங்கள்.

முடித்ததும் விடையைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். ஒத்துவராவிட்டால் முதலில் நிரலைச் சந்தேகியுங்கள், அப்புறம் கம்பெனியை.

கேள்வி: விண்டோஸில் பைத்தான் நிறுவினேன். கட்டளைத் திரையில் அதன் பெயரை அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது.
– வாசகி, செந்தூல்

பதில்: நிறுவும்போது முதல் பக்கத்தின் அடியில் 'பாத்'தில் (விண்டோஸ் நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று ஒரு கட்டம் இருந்திருக்கும், அதை டிக் செய்யாமல் விட்டிருப்பீர்கள். நீக்கிவிட்டு, டிக் செய்து மறுபடி நிறுவுங்கள். கட்டளைத் திரையையும் மூடித் திறக்க வேண்டும், பழைய திரைக்கு மாற்றம் தெரியாது. இன்னொன்று: பயிற்சிக் கோப்புக்கு 'ரேண்டம்' என்று பெயர் வைக்காதீர்கள். பைத்தானோடு வரும் ரேண்டம் தொகுப்பை இறக்குமதி செய்யும்போது பைத்தான் அசலை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: சான்றிதழோடு வரும் இணைய வகுப்புக்கு 6,000 வெள்ளி கேட்கிறார்கள். கட்டலாமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: இப்போது வேண்டாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 பைத்தான் பாடம் இலவசம். வாரம் 0 முதல் 9 வரை ஓடும், கடைசி வாரம் தவிர ஒவ்வொன்றிலும் பயிற்சிக் கணக்குகள் உண்டு, கடைசியில் சொந்தமாக ஒரு திட்டம் செய்ய வேண்டும். அதில் நான்கு வாரக் கணக்குகளை முடிக்கும்வரை பணப்பையைத் திறக்காதீர்கள். அதன் பிறகும் கட்டண வகுப்புத்தான் வேண்டுமென்றால், உங்கள் நிறுவனம் எச்ஆர்டி கார்ப்புக்கு (மனிதவள மேம்பாட்டுக் கழகம்) லெவி என்ற பயிற்சிக் கட்டணம் கட்டுகிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். கட்டினால் பயிற்சிச் செலவுக்கு அந்தப் பணத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் விண்ணப்பிக்க வேண்டியது முதலாளி, அதுவும் வகுப்பு தொடங்கும் முன்பே.