‘பிக்’, ‘லார்ஜ்’, ‘கிரேட்’: எதை எங்கே சொல்வது?

கேள்வி: ‘பிக்’, ‘லார்ஜ்’ இரண்டுக்கும் அகராதியில் ‘பெரிய’ என்றே பொருள் உள்ளது. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைப் பயன்படுத்தலாமா?

பதில்: வீடு, பெட்டி, நகரம் போன்ற கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்கு இரண்டும் பொருந்தும், ‘லார்ஜ்’ என்பதில் சற்றே எழுத்துநடைச் சாயல் உண்டு. ஆனால் ‘அமௌன்ட்’, ‘நம்பர்’ போன்ற அளவுச் சொற்களுக்கு முன்னால் ‘லார்ஜ்’ வருவதே எழுத்தில் இயல்பு. தவறு, முடிவு, பிரச்சினை என உருவமற்றவற்றைச் சொல்லும்போதோ ‘பிக் மிஸ்டேக்’, ‘பிக் டிசிஷன்’ என்றுதான் சொல்ல வேண்டும். உறவுமுறையில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது: ‘பிக் பிரதர்’ என்றால் அண்ணன், ‘லார்ஜ் பிரதர்’ என்றாலோ உடல் பருத்த சகோதரன். வயதில் மூத்தவரைத் தமிழில் ‘பெரியவர்’ என்கிறோம் அல்லவா? இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களில் அந்த மூப்புப் பொருள் ‘பிக்’ என்ற சொல்லுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது.

கேள்வி: ‘கிரேட்’ உருவத்தைக் குறிக்குமா?

பதில்: பழைய ஆங்கிலத்தில் அது பருமனையே குறித்தது. இன்று ‘கிரேட் லேக்ஸ்’ போன்ற பெயர்களில் அப்பொருள் தங்கியிருக்கிறது. மற்றபடி ‘கிரேட் மேன்’ என்றால் மாமனிதர் என்றே கொள்வார்கள்.

கேள்வி: ‘வெரி ஹியூஜ்’ என்று எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டார். அதில் என்ன பிழை?

பதில்: ‘ஹியூஜ்’, ‘எனார்மஸ்’, ‘ஜைகான்டிக்’ ஆகியவற்றில் ‘மிக’ என்பது ஏற்கெனவே அடங்கியிருப்பதால் ‘வெரி’ மிகைச்சொல் ஆகிறது, அழுத்தம் வேண்டுமானால் ‘அப்ஸொல்யூட்லி’ சேர்க்கலாம். ‘எனார்மஸ்’ என்ற சொல், தச்சரின் மூலைமட்டத்தைக் குறித்த ‘நோர்மா’ என்னும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. மட்டத்தை மீறியது என்பதே அதன் அடிப்படைப் பொருள். வழக்கத்தை மீறியது, கொடியது என்ற பழம்பொருள் ‘எனார்மிட்டி’ என்ற பெயர்ச்சொல்லில் இன்னும் இருக்கிறது. ஆகவே ஒரு கட்டடத்தின் பருமனைப் பாராட்ட அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று வற்புறுத்துவேன். கொடுமையின் கடுமையைச் சொல்லவே அது ஏற்றது.

கேள்வி: ‘பெரிய மழை’யை ‘பிக் ரெயின்’ எனலாமா?

பதில்: கூடாது. நம் ‘பெரிய’ என்ற சொல் மழைக்கும் சத்தத்துக்கும் காற்றுக்கும் தாராளமாக ஒட்டிக்கொள்ளும்; ஆங்கிலமோ மழைக்கு ‘ஹெவி’, சத்தத்துக்கு ‘லவுட்’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’ என ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிறது. இவற்றைத் தனித்தனியாக அல்லாமல் ‘ஹெவி ரெயின்’ என்று இணையாகவே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.