டூல் பெல்ட்: எதை மாட்டுவது, எங்கே மாட்டுவது?

தச்சு வேலைக்கு இடுப்பில் கட்டும் டூல் பெல்ட் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்திருக்கிறோம். பதில்களில் இடம், வலம் என்று வருவதெல்லாம் வலது கைப் பழக்கம் உள்ளவரை மனதில் வைத்து எழுதியது. இடது கைக்காரர்களுக்குத் தனியே ஒரு பதில் இருக்கிறது.

கேள்வி: வேலை பழக ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. முதல் டூல் பெல்ட் வாங்கப் போகிறேன். நிறையப் பைகள் உள்ளதாகப் பார்த்து வாங்கட்டுமா, சின்னதே போதுமா?

பதில்: வாங்குவதற்கு முன்னால் அரை நாள் கணக்கெடுங்கள். ஒரு பிளைவுட் துண்டில் உங்கள் கருவிகளின் பெயர்களை வரிசையாக எழுதி வையுங்கள். ஒன்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதன் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் விடை தெரிந்துவிடும். பென்சில், டேப், மூலை மட்டம், சுத்தியல், கட்டர் கத்தி, ஆணி அல்லது ஸ்குரூ, இவற்றுக்கு நேரே கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். குறடுக்கும் உளிக்கும் ஐந்தாறு இருக்கலாம். பத்துக் கோடுகூடத் தேறாத கருவிக்கு இடுப்பில் இடம் வேண்டாம், பெட்டியில் இருக்கட்டும்.

பை நிறைய இருந்தால் அத்தனையையும் நிரப்பத் தோன்றும், அதுதான் சிக்கல். 450 கிராம் தலையுள்ள சுத்தியல் கைப்பிடியோடு சேர்ந்தால் 600 கிராமுக்கு மேல் போகும். 3 அங்குல நீளமும் 3.75 மி.மீ. கனமும் உள்ள ஆணி ஒன்று ஏறக்குறைய 6.5 கிராம். நூறு ஆணியை அள்ளிப் போட்டால் 650 கிராம், அதாவது இன்னொரு சுத்தியலைச் சுமக்கிறீர்கள். 5 மீட்டர் டேப்பும் மூலை மட்டமும் சேர்ந்து அரைக் கிலோ. கனத்த தோல் பெல்ட்டும் பைகளும் காலியாகவே இரண்டு கிலோ வரை இருக்கும். எல்லாம் சேர்ந்து நாலு கிலோவுக்குள் நின்றால் நாள் முழுக்கக் கட்டியிருக்கலாம்.

ஆகவே வலப்பக்கம் ஒரு பை, இடப்பக்கம் ஒரு பை, சுத்தியல் வளையம் ஒன்று. ஆரம்பத்துக்கு இது போதும். பெல்ட்டிலேயே சேர்த்துத் தைத்த பைகளைவிட, கழற்றி நகர்த்தக்கூடிய பைகளையே வாங்குங்கள். எது எங்கே இருக்க வேண்டும் என்பது வேலை செய்யச் செய்யத்தான் தெரியும், தைத்த பையை நகர்த்த வழியில்லை.

கடையில் பையின் வாய்க்குள் கையை விட்டு, உள்ளே விரல்களை மடக்கி முஷ்டியோடு வெளியே எடுத்துப் பாருங்கள். இடித்தால் ஆணியை அள்ள முடியாது. அடிப்பக்க மூலைகளில் இரட்டைத் தையலோ ரிவெட்டோ இருக்க வேண்டும், ஆணி முனை முதலில் துளைப்பது அங்கேதான். பையின் பின்புறம் பெல்ட் நுழையும் வழியின் அகலத்தையும் அளந்து பாருங்கள். 2 அங்குல பெல்ட்டில் 3 அங்குல வழியுள்ள பையைக் கோத்தால் பை முன்பக்கம் சாயும், குனியும்போதெல்லாம் ஆணி கொட்டும்.

கேள்வி: தோலா, நைலானா?

பதில்: எடை குறைவாக வேண்டும், மழையிலும் ஈரத்திலும் வேலை என்றால் நைலான். அழுக்கானால் சோப்பு போட்டுக் கழுவலாம். ஆனால் மலிவான நைலான் பை வாய் மடங்கிப்போகும். அப்புறம் ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் இரண்டு கை தேவைப்படும். வாய் விளிம்பில் உள்ளே பிளாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

தோல் கனம்தான். ஆனால் வாய் திறந்தபடியே நிற்கும், சில மாதத்தில் உங்கள் இடுப்பின் வளைவுக்கு ஏற்றபடி வார் படிந்துவிடும். வார் 4 மி.மீ. கனத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அதைவிட மெல்லிய வார் எடை தாங்காமல் மேல் விளிம்பு வெளியே மடிந்து இடுப்பை அறுக்கும். ரிவெட் செம்பாகவோ பித்தளையாகவோ இருப்பது நல்லது. மரப்பட்டைச் சாற்றில் பதப்படுத்திய தோலில் இரும்பு ரிவெட் வியர்வை பட்டு நனைந்தால் அதைச் சுற்றிக் கறுத்துப்போகும்.

எங்களைக் கேட்டால், தோல் வாரும் நைலான் பைகளும் சேர்ந்த கலவைதான் புதியவருக்கு ஏற்றது. எடை தாங்கும் இடத்தில் விறைப்பு கிடைக்கிறது, தொங்கும் இடத்தில் பாரம் குறைகிறது.

கேள்வி: வாங்கிவிட்டேன். எந்தக் கருவியை எங்கே வைப்பது? ஆளுக்கு ஆள் ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: ஆளுக்கு ஆள் வேறுபடத்தான் செய்யும். ஆனால் அடிப்படை ஒன்றுதான்: எந்தக் கை எடுக்கிறதோ அந்தப் பக்கம் அந்தப் பொருள். சுத்தியல் வலது கையில் இருக்கும்போது ஆணியை எடுப்பது இடது கை. ஆணிப் பையை வலப்பக்கம் மாட்டினால், ஒவ்வொரு ஆணிக்கும் இடது கை வயிற்றைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

இடுப்பைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். தொப்புள் 12, வலது இடுப்பு 3, முதுகுத்தண்டு 6, இடது இடுப்பு 9.

11 முதல் 1 வரை ஒன்றும் வேண்டாம். குனியும்போது அங்கே இருப்பது வயிற்றில் குத்தும், மண்டியிட்டால் தொடை அதை மேலே தள்ளி உள்ளே இருப்பதைக் கொட்டிவிடும். 5 முதல் 7 வரையும் காலியாகவே விடுங்கள். முதுகுத்தண்டுக்கு நேரே இரும்புக் கருவி இருந்து, ஏணியிலிருந்து மல்லாந்து விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பை அங்கே இருந்தால் சாய்ந்து உட்காரவும் முடியாது.

வலது பை 2க்கும் 4க்கும் நடுவே. பென்சில் அதன் முன் விளிம்பில், தனிக் குழலில். அதை அடுத்துக் கட்டர் கத்தி, அலகை உள்ளே இழுத்துப் பூட்டிய நிலையில். மூலை மட்டத்துக்குப் பையின் உட்புறம் உடம்பை ஒட்டிய தட்டையான அறை. ஆணித் தலையை மரத்துக்குள் இறக்கும் ‘பஞ்ச்’ என்ற கருவி, பென்சிலுக்குப் பின்னால் இன்னொரு குழலில். ஸ்குரூ டிரைவர் முனை எப்போதும் கீழ்நோக்கித்தான். மேலே பார்த்து நின்றால், குனிகிற அன்றைக்கு விலாவில் ஏறும்.

இடது பை 8க்கும் 10க்கும் நடுவே, ஆணிக்கும் ஸ்குரூவுக்கும். இரண்டு அளவுக்கு மேல் சேர்க்காதீர்கள், அவையும் தனித்தனி அறையில் இருக்கட்டும். கலந்து போட்டால் விரல் குத்துப்படும். அவசரத்தில் நீளமான ஸ்குரூ மெல்லிய பலகையின் மறுபக்கம் வந்து நிற்கும்.

உளியைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று: உறை இல்லாமல் பையில் போடவே போடாதீர்கள். வாய் மழுங்குவது இருக்கட்டும், அது பையின் அடியைக் கிழித்துக்கொண்டு தொடையில் இறங்கும். கெட்டியான தோல் உறையோ பிளாஸ்டிக் மூடியோ கிடைக்காவிட்டால் உளி பெட்டியிலேயே இருக்கட்டும்.

எல்லாம் மாட்டியதும் ஐந்து காரியம் செய்து பாருங்கள். குனிந்து செருப்பைத் தொடுங்கள், ஒரு காலில் மண்டியிடுங்கள், ஏணியில் மூன்று படி ஏறி இறங்குங்கள், கதவு நிலையில் பக்கவாட்டில் நுழைந்து வாருங்கள், ஸ்டூலில் உட்காருங்கள். விழுந்தது எது, இடித்தது எது என்று பார்த்து அதை மட்டும் நகர்த்துங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். இரண்டு வாரத்துக்கு எதையும் இடம் மாற்றாதீர்கள். கண் பலகையில் இருக்கும்போதே கை பென்சிலைத் தேடி எடுக்கப் பழக அவ்வளவு நாள் பிடிக்கும்.

கேள்வி: சாயங்காலம் ஆனால் வலது தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகிறது, சில நேரம் தீப்பட்டதுபோல் எரிகிறது. டூல் பெல்ட் காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு, இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டி இறங்குகிறது. இறுக்கிய பெல்ட் அந்த இடத்தில் அழுத்தினால் நீங்கள் சொல்லும் மரப்பும் எரிச்சலும் வரும். மருத்துவத்தில் இதை மெரால்ஜியா பாரஸ்தெட்டிகா என்பார்கள். வேறு காரணங்களாலும் இது வரும் என்பதால், பெல்ட்டைச் சரிசெய்தும் குறையாவிட்டாலோ, காலில் பலம் குறைந்தாலோ, முதுகிலிருந்து வலி இறங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெல்ட் பக்கம் செய்ய வேண்டியது: வார் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். அதற்குக் கீழே நழுவினால், நழுவாமல் இருக்க இறுக்குவீர்கள், இறுக்கினால் நரம்பு மாட்டிக்கொள்ளும். கட்டிய பிறகு வாருக்கும் சட்டைக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். அளவு எடுக்கும்போது பேண்ட்டில் அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள். வேலை உடுப்போடு, பெல்ட் உட்காரும் இடத்தில் டேப் சுற்றி அளந்து, பக்கிள் நடுத்துளையில் விழும்படி வாங்குங்கள். வலது பக்கம் மட்டும் மரத்துப்போகிறது என்கிறீர்கள். ஒவ்வொரு பையையும் நிரப்பியபடியே கொக்கித் தராசில் தூக்கிப் பாருங்கள். இரண்டு பக்கத்துக்கும் அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மாற்றி வையுங்கள்.

நாலு கிலோவுக்கு மேல் குறைக்கவே முடியாத வேலை என்றால் தோள்பட்டை வார் போடுங்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு இடத்தில் பெல்ட்டைத் தாங்குவதாக இருக்கட்டும். அதைப் போட்டதும் பெல்ட்டை ஒரு துளை தளர்த்த மறக்காதீர்கள். பலர் தோளில் வாரைப் போட்டுவிட்டு இடுப்பைப் பழையபடியே இறுக்கி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நடக்கும்போது சுத்தியல் கைப்பிடி கெண்டைக்காலில் அடிக்கிறது.

பதில்: வளையத்தை 3 மணியிலிருந்து 4 மணிக்குத் தள்ளுங்கள், பேண்ட்டின் பக்கத் தையலுக்குச் சற்றுப் பின்னால். பிறகும் ஆடினால் வளையம் தாழ்வாகத் தொங்குகிறது என்று அர்த்தம். சுத்தியல் தலை பெல்ட்டின் கீழ் விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும்.

கேள்வி: நான் இடது கைக்காரன். கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாவற்றையும் மாற்றினால் சரியா?

பதில்: சரிதான். ஆனால் பையை அப்படியே பக்கம் மாற்றினால் பென்சில் குழல் முன்னால் இல்லாமல் பின்னால் போய்விடும். இடது கைக்கென்று செய்தது கிடைக்காவிட்டால், இரண்டு ஓரத்திலும் ஒரே மாதிரி குழல் உள்ள பையைத் தேடுங்கள்.

டேப் விஷயத்தில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சாதாரண டேப்பில் கொக்கி இடப்பக்கமும் பெட்டி வலது கையிலும் இருந்தால்தான் எண்கள் நேராகத் தெரியும். நீங்கள் இடது கையில் பென்சில் பிடிப்பதால் பெட்டி இயல்பாகவே வலது கையில் இருக்கும், ஆகவே டேப்பை வலப்பக்கம் மாட்டுங்கள். வலது கைக்காரர்கள் பெட்டியை இடது கையில் பிடித்துக்கொண்டு எண்களைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். 61 என்பது 19 ஆகவும், 86 என்பது 98 ஆகவும் கண்ணில் படும். அவர்கள் டேப்பை இடது பையின் முன் விளிம்பில், 10 மணியில் வைத்துக்கொண்டு, குறிக்கும் முன் பக்கத்து எண்ணையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

கேள்வி: பாலிஷ் போட்ட கதவுகளைப் பொருத்தும்போது பெல்ட் உரசிக் கீறல் விழுகிறது.

பதில்: பக்கிளும் ரிவெட் தலையும் சுத்தியல் வளையமும்தான் கீறுகின்றன. பக்கிளின் மேல் ஒரு தோல் மடிப்பைத் தைத்துக்கொள்ளலாம். ஆனால் கதவைத் தூக்கி மாட்டும் நேரத்தில் பெல்ட்டைக் கழற்றி வைப்பதே மேல். அந்த நேரத்துக்குத் தேவையான ஸ்குரூவும் பென்சிலும் துணி ஏப்ரன் பையில் இருக்கட்டும்.

கேள்வி: பேட்டரி டிரில்லையும் பெல்ட்டிலேயே மாட்டிக்கொண்டு சாரத்தில் ஏறலாமா?

பதில்: தரையில், அறைக்கு அறை போவதற்கு மாட்டலாம். பேட்டரியோடு ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது, ஆகவே எதிர்ப்பக்கம் ஆணிப் பை நிறைந்திருக்கும்போது மட்டும் மாட்டுங்கள். முன்பின் சுழற்சி மாற்றும் பொத்தானை நடுவில் நிறுத்துங்கள், அப்போது விசை அழுத்தினாலும் சுழலாது. நீள பிட்டைக் கழற்றிவிடுங்கள்.

சாரத்தில் ஏறும்போது மாட்டாதீர்கள். பையில் போட்டுக் கயிற்றில் மேலே இழுத்துக்கொள்ளுங்கள். மேலே கொண்டுபோகும் சுத்தியலுக்கு, கை நழுவினாலும் கீழே விழாமல் பிடிக்கும் ஒரு கட்டுவார் வேண்டும், கீழே ஆள் நடமாடுகிற இடத்தில் அது இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட கருவியை உடம்போடு கட்டாமல் சாரத்தோடு கட்டுங்கள், விழும்போது அது உங்களையும் சேர்த்து இழுக்கும். டூல் பெல்ட்டோ அதன் தோள்பட்டை வாரோ ஆளைத் தாங்கச் செய்ததல்ல. உயிர்க்கயிற்றை அதில் மாட்டக் கூடாது. முதலில் பாதுகாப்பு ஹார்னெஸ், அதன்மேல் டூல் பெல்ட். ஹார்னெஸ்ஸின் எந்த வளையத்தையும் பை மறைக்கக் கூடாது.

கேள்வி: மழையில் நனைந்த தோல் பெல்ட் காய்ந்ததும் பலகைபோல் ஆகிவிட்டது. எண்ணெய் பூசலாமா?

பதில்: வெயிலில் அல்லது அடுப்புப் பக்கத்தில் காயவைத்திருப்பீர்கள், அதுதான் காரணம். இனி நனைந்தால் பைகளைக் காலி செய்து, பழைய காகிதத்தை உருட்டி உள்ளே திணித்து, நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். காகிதம் ஈரத்தையும் உறிஞ்சும், பை வடிவமும் கெடாது. ஆணிகளை உள்ளேயே விட்டால் ஒரே இரவில் துரு பிடித்துப் பையும் கறைபடும்.

இப்போது செய்ய வேண்டியது: காய்ந்த பிரஷ்ஷால் மரத்தூளையும் வியர்வை உப்பையும் துடைத்து, ஈரத் துணியால் ஒரு தடவை ஒற்றி, பாதி ஈரம் இருக்கும்போதே தோலுக்கென்று விற்கும் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேயுங்கள். ஒரு நாள் விட்டு, இன்னும் விறைப்பாக இருந்தால் இன்னொரு முறை. அதற்கு மேல் வேண்டாம். எண்ணெய் அதிகமானால் தோல் தளர்ந்து நீளும், துளைகள் நீள்வட்டமாகும், பை வாய் தொங்கும், அதைத் திரும்ப விறைப்பாக்க வழி கிடையாது. வாரைவிடப் பைகளுக்குக் குறைவாகவே பூசுங்கள்.