தோட்டத்துத் தபால்: செண்டுமல்லிக் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செண்டுமல்லியைப் பற்றியவை. சில ஊர்க்காரர்கள் கேந்திப்பூ என்று எழுதியிருக்கிறார்கள், சிலர் துலுக்கச் சாமந்தி என்று. எல்லாம் ஒரே செடிதான். நிலக்கோட்டைப் பக்கம் எங்கள் 60 சென்ட் நிலத்தில் 22 ஆண்டுகளாக நான் வளர்த்துவரும் பூ இது. அதனால் இந்த இதழை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

தாம்பரம் வாசகி: அம்மா, சரஸ்வதி பூஜைக்கு வாங்கிய மாலையை உதிர்த்துத் தொட்டியில் தூவினேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. பக்கத்து வீட்டில் இதேபோல் தூவியது காடாக வளர்ந்து நிற்கிறது. நான் எங்கே தவறினேன்?

நீங்கள் எங்கும் தவறவில்லை, மகளே. கடைக்கு வருகிற பூ விரிந்த சூட்டிலேயே பறிக்கப்பட்டது. அதற்குள் விதை முற்றியிருக்காது. அடுத்த முறை தூவும் முன் காய்ந்த பூ ஒன்றை எடுத்து, காம்பை ஒட்டிய பச்சைக் குப்பியை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ஊசி ஊசியாக நெருக்கியடித்து நிற்கும். ஒரு பாதி கறுப்பு, மறுபாதி வைக்கோல் நிறத்தில் மெல்லிய முடி. கறுப்புப் பாதி விரல்களுக்கு நடுவே கெட்டியாகத் தட்டுப்பட்டால் விதை. வெளுத்துத் தட்டையாக வளைந்தால் பதர். உங்கள் மாலையில் இருந்தது பெரும்பாலும் பதராகத்தான் இருக்கும்.

செடி கிடைத்தால் இரண்டு மூன்று பூக்களைப் பறிக்காமல் விட்டு, காம்பு பழுப்பாகிக் காயும்வரை பொறுங்கள். அந்த விதை நான்கைந்து நாளில் முளைத்துவிடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இப்போது சந்தையில் குவிவது பெரும்பாலும் கலப்பின ரகம். அதன் விதையைப் போட்டால் தாயைப் போலவே பிள்ளை வராது. ஒன்று பந்தாக இருக்கும், ஒன்று ஒற்றை அடுக்கில் பூக்கும். வீட்டுத் தொட்டிக்கு அது ஒரு குறையே இல்லை. ஒற்றை அடுக்குப் பூவுக்குத்தான் தேனீக்கள் அதிகம் வருகின்றன.

திருச்சி வாசகர்: மாடியில் வைத்த செடி இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டது. இலை கரும்பச்சை. மொட்டுதான் இல்லை.

இலை அவ்வளவு கரும்பச்சையாக இருக்கிறதென்றால் உரம் கூடிவிட்டது. புண்ணாக்குக் கரைசலை உடனே நிறுத்துங்கள். வெயில் அரை நாளாவது நேராக விழ வேண்டும். இந்தப் பூவுக்குப் பகல் குறுகினால் மொட்டு சீக்கிரம் வரும். சித்திரை, வைகாசியில் நட்டது தழைத்துக்கொண்டே போவதை எங்கள் வயலிலேயே பார்க்கிறேன். இரவு முழுவதும் தெருவிளக்கோ மாடி விளக்கோ செடியின் மேல் விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால் தொட்டியை நகர்த்துங்கள். அடுத்த முறை நட்டு ஒரு மாதம் ஆனதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். பக்கக் கிளை வெடித்து, முழங்கால் உயரத்திலேயே பூ நிறையும்.

ராயக்கோட்டை விவசாயி: அக்கா, ஆயுத பூஜைக்கு என்று நம்பி நட்டேன். பூஜை முடிந்து பத்து நாள் கழித்துப் பூத்துத் தள்ளுகிறது. பறிகூலிக்குக்கூடத் தேறவில்லை. எந்தத் தேதியில் நட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்தபோது 2024-இல் நான் வரப்பில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. 2023-இல் ஆயுத பூஜை அக்டோபர் 23. அந்த வருடம் கணக்குச் சரியாக விழுந்து நல்ல விலை கிடைத்தது. அதே தேதியில் மறு வருடமும் நாற்றை நட்டேன். 2024-இல் பூஜை அக்டோபர் 11-ஆம் தேதியே வந்துவிட்டது. பன்னிரண்டு நாள் வித்தியாசம். பூஜைக்கு முந்தின நாள் என் வயலில் இருந்தவை மொட்டுகள், பாதி விரிந்த பூக்கள். முழு விளைச்சல் வந்தபோது கமிஷன் கடைக்காரர் மூட்டையை இறக்கவே வேண்டாம் என்றார். மூன்று பறிப்பை வரப்பில் கொட்டினோம். வெயிலில் அது வெந்து நாறிய நெடி ஒரு வாரம் வீட்டுக்குள் வந்தது.

ஆகவே ஆங்கிலத் தேதியை நம்பாதீர்கள். பஞ்சாங்கத்தில் பூஜை நாளைப் பார்த்து அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். குழித்தட்டில் நாற்றுக்கு 25 நாள். நட்டபின் கலப்பின ரகம் 45 முதல் 50 நாளில் முதல் பூ காட்டும். ஆனால் முதல் பறிப்பில் எடை இருக்காது. இரண்டாவது, மூன்றாவது பறிப்புத்தான் கைக்கு வரும் மகசூல். அது பூஜைக்கு முந்தின மூன்று நாளில் விழ வேண்டும் என்றால், நடவுக்கும் பூஜைக்கும் நடுவே 60 நாளாவது இருக்க வேண்டும். விதைப்பிலிருந்து எண்ணினால் 85 நாள். மழை பிடித்துக்கொண்டால் தள்ளிப்போகும். அதனால் நான் இப்போது நிலத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு வார இடைவெளியில் நடுகிறேன். இரண்டில் ஒன்று நிச்சயம் நாளைப் பிடிக்கிறது.

மொத்த நிலத்தையும் ஒரே பண்டிகைக்கு அடகு வைக்காதீர்கள். ஓணத்துக்குக் கேரளம் கேட்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கேட்கும். நடுவில் கல்யாண முகூர்த்தங்கள் இருக்கின்றன. கர்நாடகத்தில் குண்டலுப்பேட்டைப் பக்கம் போல, பூவிலிருந்து நிறமி எடுக்கும் ஆலைகளுக்கு ஒப்பந்தத்தில் பயிரிடும் வழியும் உண்டு. அந்த நிறமியின் பெயர் லூட்டின். கோழித்தீவனத்தில் கலந்தால் முட்டைக்கரு நல்ல மஞ்சளாக வரும். விலை பண்டிகை விலையாக இருக்காது, ஆனால் முன்கூட்டியே தெரிந்த விலை. கையெழுத்துப் போடும் முன் எடை எங்கே போடுகிறார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒட்டன்சத்திரம் விவசாயி: தக்காளிக்கு நடுவே செண்டுமல்லி வைத்தால் காய்ப்புழு வராது என்கிறார்கள். வைத்தேன். புழு வந்தது.

ஐயா, செண்டுமல்லி காய்ப்புழுவை விரட்டுவதில்லை, தன் பக்கம் இழுக்கிறது. தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டுவிட்டு மஞ்சள் பூவில் வந்து முட்டையிட வேண்டும். அப்படியென்றால் தக்காளி பூக்கும்போது இதுவும் பூத்திருக்க வேண்டுமல்லவா? இரண்டையும் ஒரே வயது நாற்றாக நட்டிருப்பீர்கள். அங்கேதான் பிசகு. 25 நாள் தக்காளி நாற்றுடன் 45 நாள் வயதுள்ள உயர ரகச் செண்டுமல்லி நாற்றை நட வேண்டும். 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை போதும். பிறகு அந்தப் பூவை நான்கு நாளைக்கு ஒருமுறை பறித்துவிடுங்கள். முட்டையும் புழுவும் வயலைவிட்டு வெளியே போகும். பறிக்காமல் விட்டால் நீங்களே புழுவுக்குப் பண்ணை வைத்ததாகிவிடும்.

வேர்முடிச்சு நூற்புழுவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஊடுபயிராக நாலு செடி வைத்துப் பயனில்லை. இதன் வேர் கக்கும் ஒரு பொருள்தான் நூற்புழுவை ஒடுக்குகிறது. நிலம் முழுக்க நெருக்கமாக இரண்டு மூன்று மாதம் நிற்கவைத்து, அப்படியே மடக்கி உழுதுவிட்டு, அதன்மேல் தக்காளி வைக்க வேண்டும். கோடையில் மட்டும் கவனம். செஞ்சிலந்திக்கு இந்தச் செடி மிகப் பிடிக்கும். இலையின் அடியில் நூலாம்படை தெரிந்தால் தக்காளிக்குப் பரவும் முன் அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள்.

கும்பகோணம் வாசகி: என் மாமியார் செண்டுமல்லியைச் சாமி படத்துக்குப் போடக் கூடாது, அது சாவு வீட்டுப் பூ என்கிறார். என் வட இந்தியத் தோழியோ அது இல்லாமல் கல்யாணமே கிடையாது என்கிறாள். யார் சொல்வது சரி?

எங்கள் பாட்டியும் இதையே சொல்வார். பூஜை அறைக்குள் விட மாட்டார். ஆனால் மாட்டுப் பொங்கல் அன்று பசுவின் கழுத்துக்கு இந்தப் பூவைத்தான் கட்டச் சொல்வார். இலையை மாடு தின்னாது, அந்தக் கார நெடிக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அதனால் மாலை மாலையாகவே நிற்கும் என்பார்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்குகிறார். அதில் இது இல்லை. இருக்கவும் முடியாது. இதன் பிறந்த ஊர் மெக்சிகோ. ஐரோப்பியர் கப்பலேறி வந்தபிறகுதான் நம் மண்ணைத் தொட்டது. பழைய பூஜை முறைகள் எழுதப்பட்ட காலத்தில் இந்தப் பூவே இங்கு இல்லாதபோது, ஆகாது என்று அவை எப்படிச் சொல்லியிருக்கும்? சாவு வீட்டுக்குப் போனதற்குக் காரணம் மலிவு. நிறையக் கிடைக்கும், வெயிலில் வாடாது, வழியெல்லாம் தூவலாம்.

உங்கள் மாமியாருக்கு ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். மெக்சிகோவிலும் இது இறந்தவர்களின் பூ. நவம்பர் 1, 2 தேதிகளில் அங்கே முன்னோர் வீடு திரும்புவதாக நம்புகிறார்கள். வாசலிலிருந்து படையல் வரை இதன் இதழ்களால் பாதை போடுவார்கள். இருட்டில் வருகிறவர்களுக்கு அந்த நிறமும் மணமும் வழி காட்டுமாம். அவர்களுடைய பழைய நாவாட்டில் மொழியில் இதன் பெயருக்கு 'இருபது பூ' என்று பொருள். நேபாளத்தில் 'சயபத்ரி', அதாவது நூறு இதழ். தீபாவளியை ஒட்டிய திகார் பண்டிகையில் அக்காள் தங்கைகள் உடன்பிறந்தவனின் ஆயுளுக்காக அவன் கழுத்தில் போடும் மாலைகளில் இதுவும் உண்டு. அமாவாசைக்கு அப்பா படத்துக்கு நான் இதைத்தான் போடுகிறேன். அம்மனுக்கும் போடுகிறேன். ஆனாலும் உங்கள் மாமியார் மனம் கோணாமல் இருப்பதுதான் வீட்டுக்கு முக்கியம். நிலைவாசல் தோரணத்துக்கு அவரே சம்மதிப்பார். அங்கிருந்து தொடங்குங்கள்.

மதுரை மாணவி: இதை அரைத்துத் தீப்புண்ணில் தடவலாம் என்று படித்தேன். உண்மையா?

தடவாதே, கண்ணு. களிம்புகளில் சேர்ப்பது காலெண்டுலா என்ற வேறு செடி. இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே பெயரால் அழைப்பதால் வந்த குழப்பம் இது. செண்டுமல்லிச் சாறு பட்டு வெயிலில் நின்றால் சிலருக்குத் தோல் சிவந்து அரிக்கும். எங்களிடம் பறிக்க வரும் இரண்டு பெண்கள் இதற்காகவே முழங்கை வரை பழைய சட்டைக் கையை மாட்டிக்கொள்கிறார்கள். தீப்புண்ணுக்கு 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், பிறகு மருத்துவர்.

ஈரோடு வாசகி: கோயிலில் கழித்த பூவால் துப்பட்டாவுக்குச் சாயம் போட முடியுமா?

தாராளமாக. பருத்தித் துப்பட்டா 200 கிராம் என்றால் இதழ் மட்டும் 400 கிராம் வேண்டும். பச்சைக் குப்பியைக் கிள்ளி எறிந்துவிடுங்கள், அது மஞ்சளை மங்கவைக்கும். துணியைச் சோப்புப் போட்டு அலசி, 40 கிராம் கடுக்காய்த்தூள் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டுப் பிழியுங்கள். பிறகு 40 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம். இதழ்களைத் தனியே கொதிக்காத சூட்டில் ஒரு மணி நேரம் வேகவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றில் துணியைப் போட்டு அவ்வப்போது புரட்டிவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரமே வேண்டும். இரும்புச் சட்டியில் போட்டால் மஞ்சள் பாசிப்பச்சையாகிவிடும். அந்தப் பச்சையும் அழகுதான். துருப்பிடித்த ஆணி நான்கைச் சாற்றில் போட்டு வேண்டுமென்றே அந்த நிறம் வாங்கியிருக்கிறேன். நிழலில் உலர்த்துங்கள். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.